நீரில் விழுதலும் நீரில் இறங்குதலும்

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஒரு பயணிகள் விமானம் வந்து படிந்தது. அதிலிருந்த 155 பேரும் உயிர் பிழைத்தனர். அச்செய்தியை நாம் முதலில் தமிழில்தான் படித்தோம். 'ஆற்றில் விழுந்த விமானம்' என்பது தலைப்பு. ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கோ அது 'ஹட்சன் அற்புதம்' என்று அறிமுகமாயிற்று. அந்தப் பெயரே நிலைத்தும்விட்டது. இவ்விரு சொல்லாட்சிகளும் நமக்கு உவப்பானவை அல்ல. விழுதல் என்பது பழத்துக்கும் கல்லுக்கும் உரிய வினை. அங்கே செய்பவன் இல்லை. அற்புதம் என்றாலோ செய்பவன் மேலே எங்கோ இருக்கிறான். விமானி அறையில் அமர்ந்திருந்தவன், கதவைத் திறந்தவள், படகைத் திருப்பியவன் ஆகிய எவருக்கும் இரண்டிலுமே இடமில்லை. 'இறங்கியது' என்று எழுதியிருக்கலாம். அந்த வினைக்குள் ஒரு கருத்தாவின் கை இருக்கிறது. தமிழாசிரியனின் வீண் நுணுக்கம் என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்.

தமிழில் வானூர்தி இறக்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவது சீவக சிந்தாமணியின் மயிற்பொறி. கட்டியங்காரனின் சூழ்ச்சியில் சிக்கிய அரண்மனையிலிருந்து, கருவுற்றிருந்த விசயை அப்பொறியில் ஏறித் தப்புகிறாள். கணவன் பட்டுவிட்டான் என்பதை உணர்த்தும் வெற்றிமுரசு காதில் விழுந்ததும் நினைவிழக்கிறாள். திருகுவதற்குக் கையில்லாமற்போன பொறி தாழ்ந்து தாழ்ந்து சுடுகாட்டில் சென்று படிகிறது. திருத்தக்கதேவர் அதை மோதி நொறுங்கவிடவில்லை. இயக்கம் நின்றதும் பறக்கும் பொருள் உடனே கல்லாகிவிடுவதில்லை என்ற உண்மை அந்தக் கற்பனைக்குள் இருக்கிறது. இரண்டு எஞ்சின்களும் ஓய்ந்த பெருவிமானமும் அப்படித்தான். இருக்கிற உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துத் தூரத்தை வாங்கிக்கொண்டு சறுக்கி இறங்கும். கையிருப்பில் எவ்வளவு உயரம் என்பதே கேள்வி.

ஹட்சன் விமானத்தின் கையிருப்பு மிகச் சொற்பம். லாகார்டியா விமான நிலையத்திலிருந்து சார்லட் நகருக்குப் புறப்பட்ட யுஎஸ் ஏர்வேஸ் 1549, ஏர்பஸ் ஏ320 வகையைச் சேர்ந்தது. தரையை விட்டெழுந்த சில நிமிடங்களில், சுமார் 2,800 அடி உயரத்தில், கனடா வாத்துக் கூட்டமொன்று எதிர்ப்பட்டது. நம் ஏரிகளில் காணும் சிறு வாத்துகள் அல்ல இவை. மூன்று நான்கு கிலோ எடையுள்ளவை. நகரத்துப் பூங்காக்களிலேயே தங்கிவிட்டவை அல்ல, வடக்கேயிருந்து வலசை வந்தவை என்று எஞ்சினுக்குள் கிடைத்த இறகுத் துணுக்குகளை ஆராய்ந்து பின்னர் கண்டறிந்தனர். இரண்டு எஞ்சின்களும் ஒரே நேரத்தில் அவற்றை விழுங்கி, ஏறக்குறைய முழு விசையையும் இழந்தன. அப்போதிலிருந்து விமானம் ஆற்றைத் தொடும்வரை சென்ற நேரம் சுமார் மூன்றரை நிமிடம்.

அந்த மூன்றரை நிமிடத்தைப் பற்றி நூல்கள் வந்துவிட்டன. 2016இல் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் திரைப்படமும் வந்தது. நம்மை ஈர்த்தது அதில் அதிகம் பேசப்படாத ஒரு செயல். எஞ்சின்கள் ஓய்ந்ததும், விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸிடமிருந்து கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்ட தலைமை விமானி செஸ்லி சல்லன்பர்கர், உடனே வால்பகுதியிலுள்ள சிறு துணை எஞ்சினை முடுக்கினார். கைப்புத்தகத்தின் வரிசைப்படி அது வெகு பின்னால் வரவேண்டிய காரியம். அதைச் செய்ததனால் மின்சாரம் அறுபடவில்லை. மின்சாரம் அறுபடாததனால் விமானத்தின் கணிப்பொறிகள் முழுமையாக வேலைசெய்தன. வேகம் குறைந்து விமானம் மிதப்பை இழந்துவிடாதபடி கடைசிவரை காத்தன. இன்னொன்று: இரு எஞ்சின்களும் நின்றால் செய்யவேண்டியவற்றின் பட்டியல் மூன்று பக்கம் நீண்டது. இருபதாயிரம் அடிக்கு மேலே பறப்பவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது அது. ஸ்கைல்ஸ் படித்துக்கொண்டே வந்தார். நீரில் இறங்குவது பற்றிய பகுதி வருவதற்குள் நீரே வந்துவிட்டது.

திரும்பிப் போயிருக்கலாமே என்ற வினாவை விசாரணைக்குழு தட்டிக்கழிக்கவில்லை. பறக்கும் சூழலைப் போலச் செய்யும் பயிற்சிக்கூண்டில் விமானிகளை அமர்த்திச் சோதித்தனர். பறவைகள் மோதிய அதே நொடியில் திரும்பினால் ஓடுபாதையை எட்ட முடிந்தது. ஆனால் என்ன நிகழ்ந்தது என்று உணர்ந்து முடிவெடுக்க மனிதனுக்கு வேண்டிய 35 நொடியைச் சேர்த்தபோது எட்ட முடியவில்லை. ஆற்றைத் தேர்ந்ததே சரி என்று 2010 மே மாதத்து அறிக்கை கூறிற்று. திரைப்படம் விசாரணையாளர்களை வழக்குரைஞர்களைப்போலக் காட்டியது. கதைக்கு ஒரு வில்லன் வேண்டியிருந்தது போலும். அறிக்கையைப் படித்துப் பார்த்தால், படத்தைவிட அதுவே நல்ல இலக்கியம் என்று நமக்குத் தோன்றிற்று.

நீர் மென்மையானது என்பது குளிப்பவனின் அனுபவம். கிணற்றுமேட்டிலிருந்து தவறாகக் குதித்து வயிறு சிவக்க அடிவாங்கியவர்கள் வேறுவிதமாகச் சொல்வார்கள். ஏறத்தாழ எழுபது டன் எடை மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தில் வந்து படியும்போது ஆற்றின் மேற்பரப்பு ஏறக்குறையத் தரைதான். தரையைவிடக் கொடியது என்றும் சொல்லலாம், ஏனெனில் தரை விமானத்தைப் பற்றி இழுப்பதில்லை. அதனால்தான் நீரில் இறங்கும் விமானி சக்கரங்களை நீட்டுவதில்லை. நீட்டினால் அவை நீருக்குள் ஊன்றிக்கொள்ள, விமானம் குப்புறப் பாயக்கூடும். மூக்கைச் சற்றே உயர்த்தி, வால்பக்க அடிவயிறு முதலில் தொடும்படி, இரு இறக்கைகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வரவேண்டும். இறக்கைகளுக்கு அடியில் தொங்கும் எஞ்சின்களில் ஒன்று முந்திக்கொண்டு நீரைத் தொட்டாலும் விமானம் அந்தப் பக்கமாகச் சுழன்றுவிடும். கடலாக இருந்தால் அலைத்திரளின் குறுக்கே போகாமல் அதன் நீளவாட்டில் இறங்க வேண்டும். சொல்வதற்கு எளிது. நீரில் இறங்கும்போது செங்குத்தாகத் தாழும் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் இருக்கும் என்று ஏ320ஐ வடிவமைக்கும்போது கருதினார்கள். ஹட்சனில் அது நொடிக்கு நான்கு மீட்டரை நெருங்கியது. உந்த எஞ்சின் இல்லாதவனிடம் அதைவிட மென்மையை எதிர்பார்க்க இயலாது. வால்பக்க அடிவயிறு கிழிந்தது. தரைச்சட்டமொன்று மேலே குத்திவந்து பின்புறம் அமர்ந்திருந்த பணிப்பெண்ணின் காலைக் கிழித்தது.

சக்கரங்களை நீட்டி இறங்கியும் பிழைத்த விமானம் ஒன்று உண்டு. அது வேண்டுமென்றே இறங்கியதன்று. 1968 நவம்பர் 22 அன்று சான் பிரான்சிஸ்கோவின் மூடுபனியில், ஓடுபாதை வந்துவிட்டதென்று கருதி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8 விமானம் வளைகுடாவின் ஆழமற்ற நீரில் அமர்ந்தது. 107 பேரில் ஒருவருக்கும் கேடில்லை. விமானத்தையும் தூக்கியெடுத்துப் பழுதுபார்த்து மீண்டும் பறக்கவிட்டார்கள். இதையும் விதிவிலக்கென்று குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

முன்கூட்டித் தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு 1956 அக்டோபர் 16 நல்ல சான்று. ஹொனலுலுவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நோக்கிப் பறந்த பான் ஆம் நிறுவனத்தின் போயிங் ஸ்ட்ராட்டோகுரூசர், நடுப் பசிபிக்கில் நான்கு எஞ்சின்களில் இரண்டை இழந்தது. முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. நல்வாய்ப்பாக அங்கே பான்ட்சார்ட்ரெய்ன் என்ற அமெரிக்கக் கடலோரக் காவற்கப்பல் நிலைகொண்டிருந்தது. விமானி ரிச்சர்ட் ஆக் அக்கப்பலின் மேலேயே வட்டமிட்டபடி விடியலுக்குக் காத்திருந்தார். எரிபொருள் தீரத்தீர எடையும் குறைந்தது. முந்திய ஆண்டு இதே வகை விமானமொன்று கடலில் இறங்கியபோது வால் முறிந்ததை அவர் அறிந்திருந்தார்; ஆகவே பின்வரிசைப் பயணிகளை முன்னே நகர்த்தி அமர்த்தினார். விடிந்தபின், கப்பல் நீரில் நுரையால் வரைந்து காட்டிய பாதையில் இறங்கினார். வால் முறிந்தது. அங்கே யாருமில்லை. 31 பேரும் கப்பலேறினர். சரக்கறையில் இருந்த கேனரிப் பறவைகள் மட்டும் கூண்டுகளோடு மூழ்கின. விபத்து அறிக்கைகளில் இத்தகைய ஒற்றை வரிகள் வந்து நின்று நம்மைத் தொந்தரவு செய்யும்.

1963 ஆகஸ்ட் 21 அன்று லெனின்கிராடின் நேவா ஆற்றில் டியூ-124 விமானம் இறங்கியபோது அதிலிருந்த 52 பேரையும் இழுவைப் படகொன்று விமானத்தோடு கரைக்கு இழுத்துச் சென்றது. 2002 ஜனவரி 16 அன்று ஆலங்கட்டி மழையில் இரு எஞ்சின்களும் அணைந்த கருடா இந்தோனேசியா விமானம் நடு ஜாவாவின் பெங்காவான் சோலோ ஆற்றில் இறங்கியது. 60 பேரில் விமானப் பணிப்பெண் ஒருவர் மட்டும் இறந்தார். இவற்றுக்கெல்லாம் பொதுவானது கரை அருகில் இருந்தது என்பதே. ஆறு கடலைவிடக் கருணையுள்ளது என்று எழுதக் கை துடிக்கிறது; உண்மையில் அலையின்மையும் அருகிலிருக்கும் மனிதர்களுந்தான் காரணம்.

ஹட்சனுக்கே திரும்புவோம். விமானம் நின்றதும் அதன் வேலை முடிந்துவிட்டது. மனிதர்களின் வேலை தொடங்கியது. பின்பக்கக் கதவுகள் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டதால் அவற்றைப் பயன்படுத்த முடியவில்லை. நீர் புகும் துளைகளை அடைக்க ஏர்பஸ்ஸில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்த நேரமில்லை, அழுத்தியிருந்தாலும் கிழிந்த அடிவயிற்றின் முன் அது பயன்பட்டிராது. இறக்கைத் தொட்டிகளில் நீரைவிட இலேசான எரிபொருளும் காற்றும் இருந்ததால் விமானம் மிதந்தது. முன்கதவுகளில் விரியும் சறுக்குகள் தெப்பமாகவும் பயன்படும் வகையைச் சேர்ந்தவை. அந்த வழித்தடத்துக்கு அத்தகைய விமானம் சட்டப்படி வேண்டியதே இல்லை. தற்செயலாக அன்று கடல்மீது செல்லும் தகுதியுள்ள விமானம் அமைந்தது. ஆற்றுநீரின் வெப்பநிலை 5 டிகிரி. காற்று உறைநிலைக்கும் கீழே. நூற்றுக்கு மேற்பட்டோர் இறக்கைகளின்மேலும் தெப்பங்களிலும் நனைந்து நின்றனர். நான்கு நிமிடத்துக்குள் தாமஸ் ஜெஃபர்சன் என்ற பயணிகள் படகு வந்து சேர்ந்தது. கரை கடக்கும் அன்றாடப் படகுகள் அவை. மீட்புப் படகுகள் அல்ல. சல்லன்பர்கர் நீர் ஏறிய கூடத்தில் இருமுறை நடந்து யாருமில்லையென உறுதிசெய்துகொண்டு கடைசியாக வெளியேறினார். பெரும்பாலான பயணிகள் தம் இருக்கைக்கு அடியிலிருந்த மிதவைச் சட்டையை எடுக்காமலே வெளியேறியிருந்தார்கள். லைஃப் ஜாக்கெட் என்று நாம் பேச்சில் சொல்வதுதான். படகுகள் வர அரைமணி ஆகியிருந்தால் இவ்வரியை வேறுவிதமாக எழுத நேர்ந்திருக்கும்.

அதே மஞ்சள் சட்டை வேறோரிடத்தில் உயிர்களைப் பறித்தது. 1996 நவம்பர் 23 அன்று அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபிக்குப் புறப்பட்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் போயிங் 767ஐ மூவர் கடத்தினர். ஆஸ்திரேலியாவுக்குப் போ என்றனர். அவ்வளவு எரிபொருள் இல்லை என்று விமானி லியுல் அபாட்டே எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் நம்பவில்லை. அதற்குமுன் இருமுறை கடத்தலுக்கு ஆளானவர் அவர். கடலுக்கு நடுவே போகாமல் கரையோரமாகவே ஓட்டினார். பிறகு கொமோரோ தீவுகளை நெருங்கினார். எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கடைசி நேரத்திலும் விமானி அறையில் கைகலப்பு. இடப்பக்கம் சாய்ந்தபடி வந்த விமானத்தின் இடது இறக்கை முதலில் கடலைத் தொட்டது, விமானம் துண்டுகளாயிற்று. 175 பேரில் 125 பேர் இறந்தனர். கடற்கரை விடுதியின் விருந்தினர்கள் படகுகளில் விரைந்து வந்து, எஞ்சிய ஐம்பது பேரில் பலரைக் கரைசேர்த்தனர். இறந்தோரில் பலர் மோதலில் இறக்கவில்லை. அச்சத்தில், விமானத்துக்குள் இருக்கும்போதே மிதவைச் சட்டையை ஊதிவிட்டனர். நீர் புகுந்ததும் சட்டை அவர்களைக் கூரையோடு தூக்கி ஒட்டவைத்தது. கதவோ கீழே, நீருக்குள். முங்கினால்தான் வெளியேற முடியும். முங்க விடவில்லை சட்டை.

உள்ளே ஊதக்கூடாது என்பதை விமானம் புறப்படுமுன் சொல்லத்தான் செய்கிறார்கள். சொல்வதற்கும் காதில் விழுவதற்கும் விளங்குவதற்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. 1970 மே 2 அன்று கரீபியக் கடலில் செயின்ட் குரோய் தீவருகே எரிபொருள் தீர்ந்து இறங்கிய டிசி-9இல் அறிவிப்பு ஒலிபெருக்கி வேலைசெய்யவில்லை. விமானம் நீரைத் தொடப்போகிறது என்று அறியாமல் சிலர் இருக்கைப்பட்டை அணியாமலும், சிலர் நின்றுகொண்டும் இருந்தார்கள். 63 பேரில் 23 பேர் மாண்டனர்.

சில ஆண்டுகளுக்கு முன் கருத்தரங்கொன்றின் பொருட்டுத் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் சென்றோம். வழியெல்லாம் கடல். நம்மைச் சுற்றி அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் தமிழ் மட்டுமே அறிந்தவர்கள். பாதுகாப்பு அறிவிப்பு ஆங்கிலத்தில் ஒலித்தது, பின் வேறொரு மொழியில் ஒலித்தது, தமிழில் ஒலிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் புதுக்கோட்டைப் பக்கத்து அம்மா ஒருவர், மகளின் பேறுகாலத்துக்குப் போகிறவர், பணிப்பெண்ணின் கையசைவுகளைக் கவனமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, அந்தப் புள்ள மஞ்சச் சட்டையப் போட்டுப் போட்டுக் காட்டுதே, அது எதுக்கு?"

"தண்ணியில இறங்குற மாதிரி ஆயிட்டா மிதக்குறதுக்கும்மா. நம்ம சீட்டுக்கு அடியில இருக்கு. ஆனா உள்ள இருக்கறப்ப அந்தச் சிவப்புப் பிடிய இழுக்கக் கூடாது. வெளிய போனப்பறந்தான்."

"ஏன், முன்னாடியே ஊதி வச்சிக்கிட்டா நல்லதுதான?"

கொமோரோவை நாம் சொல்லவில்லை. விமானத்தில் சொல்லத்தக்க கதையா அது? நீர் உள்ளே வந்துவிட்டால் கதவை நோக்கி முங்கிப் போகவேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னோம். அவர் ஒரு கணம் யோசித்தார்.

"அதுஞ்சரிதான். சொரக்குடுக்கையக் கட்டிக்கிட்டு முங்க முடியுமா? மேலல்ல தூக்கும்!"

சிறுவயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவராம். நாம் படித்த அறிக்கைகள் பல பத்திகளில் விளக்கியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். பிறகு முன்வரிசையில் கைப்பேசியில் ஆழ்ந்திருந்த மூன்று இளைஞர்களைக் காட்டி, "இந்தப் பயகளுக்கு யாரு சொல்லுவா?" என்றார். நாம் எழுந்து சொல்ல முற்படுவதற்குள் இருக்கைப்பட்டை விளக்கு எரிந்தது. விமானம் ஓடத் தொடங்கியது. மேலேறியபின் சொன்னோம். ஒருவர் குனிந்து இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, இருக்கிறது என்று தலையசைத்தார். மற்ற இருவரும் சிரித்தனர்.

ஊர் திரும்பியபின், மொழிபெயர்ப்புத் தாள் படிக்கும் மாணவர்களிடம் அந்த அறிவிப்பைத் தமிழாக்கித் தரச் சொன்னோம். வந்தவற்றுள் சிறந்த நடையுடையது இது: 'பயணிகள் தத்தம் இருக்கையின் அடியில் வைக்கப்பட்டுள்ள உயிர்காப்பு மேலங்கியினை விமானத்தினின்று வெளியேறும் தறுவாயில் மட்டுமே காற்றூட்டிக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' உரக்கப் படித்துப் பார்த்தோம். பத்து நொடிக்கு மேல் ஆயிற்று. ஹட்சனில் மோதலுக்குத் தயாராகுங்கள் என்று விமானி சொன்னது ஒரே தொடர். கேட்டவுடன் பணிப்பெண்கள் குனியச்சொல்லியும் தலையைத் தாழ்த்தியே வைக்கச்சொல்லியும் இரண்டு மூன்று சொற்களையே திரும்பத் திரும்பக் கூவினர். இதைச் சொன்னதும் வகுப்பு வேறு முறையில் எழுத ஆரம்பித்தது. செயப்பாட்டுவினை போயிற்று. வியங்கோள் போயிற்று. ஏவல் மட்டும் நின்றது. கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: 'குனி. எழாதே. வெளியே போ. பிறகு ஊது.'

பெரியவர்களும் பயணம் செய்வார்களே, அவர்களைப் பார்த்துக் 'குனி', 'போ' என்பதா என்று ஒருவன் எழுந்தான். 'குனிங்க', 'போங்க' என்றால் என்ன குறைந்துவிடும் என்றான் இன்னொருவன். ஓரெழுத்து கூடும், அதைச் சொல்லுகிற நேரத்துக்குள் ஒருவர் நிமிர்ந்துவிடுவார் என்றாள் அவள். தன் தாத்தாவைக் 'குனி' என்று யாராவது அதட்டினால் அவர் குனியமாட்டார், யாரடா அது என்று நிமிர்ந்துதான் பார்ப்பார் என்றான் முதலில் எழுந்தவன். வகுப்பு இரண்டுபட்டது. மணி அடித்தபோது கரும்பலகையில் இரண்டு வடிவங்களும் இருந்தன. எதையும் அழிக்காமல் வந்துவிட்டோம்.